போர்டில் நர்சிங் என்று எழுதாதே

முதல் போர்டு அடித்தது 2024 ஆவணியில். மூன்றடிக்கு இரண்டடி ஃபிளெக்ஸ், மரச்சட்டத்தோடு 450 ரூபாய். 'ஹோம் நர்சிங்' என்று பெரிய எழுத்து, கீழே அம்மாவின் செல் நம்பர். தேவகோட்டையில் எங்கள் வீட்டு கேட்டில் கட்டி, போட்டோ எடுத்து, மறுநாள் காரைக்குடியில் நர்சிங் காலேஜுக்குப் போனதும் எங்கள் கிளாஸ் மேடமிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

மேடம் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நீ இன்னும் நர்ஸ் இல்லம்மா. நாலு வருஷம் முடிச்சு, பாஸ் பண்ணி, நர்சிங் கவுன்சில்ல பதிவு நம்பர் வாங்கின பிறகுதான் நர்ஸ். இதை இன்னைக்கே கழட்டிடு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பப் போனபோது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "அந்த வார்த்தைய எடுத்துட்டா உன்னால என்ன செய்ய முடியும்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

அன்று இரவு ஒரு ஏ4 தாளின் நடுவில் கோடு போட்டேன். வலது பக்கம், நாங்கள் தொடக் கூடாதவை. ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, யூரின் டியூப் போடுவது, மாற்றுவது, மூக்கு வழியாக டியூப் இறக்குவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது. இது பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நம் மாநிலத்தில் 1926லிருந்தே செவிலியருக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். ஆசையில் மறந்துபோயிருந்தேன்.

இடது பக்கம்தான் எழுத எழுத வளர்ந்தது. குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, டயப்பர் மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சோறு ஊட்டுவது, பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நடத்திப் போவது, டாக்டர் எழுதிய மாத்திரையை எழுதிய நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை யூரின் போனார் என்று குறித்து வைப்பது, நகம் வெட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. தாள் நிறைந்து பின்பக்கத்துக்கும் போனது. எழுதிக்கொண்டே இருக்கும்போது என் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு நாங்கள் செய்யாமல் விட்டதெல்லாம் இந்த இடது பக்கத்தில்தான் இருந்தது.

அப்பத்தா 2023 மாசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அசைத்தால் வலிக்கிறது என்று கத்துவாள், நாங்களும் பாவம் என்று மல்லாக்கவே படுக்க விட்டோம். நான் அப்போது முதலாம் ஆண்டு. படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஒன்பதாம் நாள் விரிப்பு மாற்றும்போது வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்கு வரும். இது வெளுக்கவே இல்லை. கீழே ரத்த ஓட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் தோல் பிரிந்தது. ஆனி மாதம் அப்பத்தா இறந்துபோனாள். அந்தப் புண் கடைசிவரை ஆறவில்லை.

அவளுக்கு நர்ஸ் வராமல் இல்லை. டிரெஸ்ஸிங் செய்ய ஒருவர் வந்து போனார், நன்றாகத்தான் செய்தார். ஆனால் அவர் வந்து போகும் அந்த அரை மணி நேரம் தவிர மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் அவளைத் திருப்பிப் போட ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரப்பட்ட கையாக இருக்க வேண்டும். நான் நடத்தும் தொழில் அவ்வளவுதான்.

மேடம் தாளைப் படித்துவிட்டு, வலது பக்கத்தில் "டியூப் வழியாகச் சாப்பாடு கொடுப்பது" என்று ஒரு வரி தன் கையாலேயே சேர்த்தார். "இடத்தைச் சரிபார்க்கத் தெரியாதவங்க ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். அதை ஆஸ்பத்திரியில வீட்டு ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. அவங்களே செய்யட்டும், உன் ஆள் தலைமாட்டைத் தூக்கி வெச்சுப் பிடிச்சுக்கட்டும்." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். புதுப் போர்டில் 'வீட்டுக்கே வந்து முதியோரைப் பார்த்துக்கொள்ளும் சேவை' என்று இருக்கிறது. நீளம்தான், ஆனால் அதில் பொய் இல்லை.

எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் பக்கம் வந்து பார்த்தால் அந்தக் கணக்கு குறைவாகத் தோன்றும். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா. முப்பது தூண் வைத்த வீட்டில் இரண்டே பேர், சில வீட்டில் ஒருவர். அந்த வீடுகள் பார்க்க அழகு, வயதானவர்களுக்கு ஆபத்து. வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் கட்டு என்போம், ஒரு கட்டைவிட்டு இன்னொரு கட்டுக்குப் போக ஒவ்வொரு நிலைவாசலிலும் படி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மாதிரி ஆகும், ஈரம் பட்டால் கால் நிற்காது. கக்கூஸ் கடைசிக் கட்டைத் தாண்டிப் பின்னால். இராத்திரி இரண்டு மணிக்கு எண்பது வயசு ஆச்சி ஒருவர் அவ்வளவு தூரம் தனியாக நடந்து போகிறார்.

அதனால் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பேஷண்டைப் பார்ப்பதில்லை. அவர் படுக்கும் இடத்திலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பார்ப்பேன். எத்தனை படி, லைட் சுவிட்ச் எங்கே, கால்மிதி நகர்கிறதா, பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அடியில் பாத்திரம் வைத்த கம்மோடு சேர் ஒன்று வாங்கிக் கட்டில் ஓரத்தில் போடச் சொல்வேன். பலரும் முதலில் மறுப்பார்கள், படுக்கிற இடத்திலேயே எப்படி என்பார்கள். கூச்சம் எனக்குப் புரிகிறது. இரவுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துவிடலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வேலை, அரசாங்கத்தில் சும்மா கிடைப்பதைச் சொல்லிவிடுவது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பணம் உள்ள வீட்டுக்காரர்கள் இது நமக்கு இல்லை என்று நினைத்துக் கேட்பதே இல்லை. கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அதைச் சொல்வதால் எனக்கு இரண்டு வீடு போனது, பரவாயில்லை. அவர்களுக்கு எங்கள் ஆள் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

சரி, ஆட்கள். இந்தத் தொழிலில் பேஷண்ட் கிடைப்பது கஷ்டம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். என்னிடம் இப்போது நான்கு பேர். முதலில் வந்தவர் கோட்டையூர் அக்கா. எட்டாவது வரை படித்தவர். "மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில வெச்சுப் பார்த்தேன் பாப்பா, ஒரு புண்ணு வரலை" என்றார். எப்படி என்று கேட்டேன். சாணி தெளிக்க ஒரு தடவை, பால்காரர் மணி அடித்தால் ஒரு தடவை, ஸ்கூல் பிள்ளைகள் போகும்போது ஒரு தடவை என்று தெருச் சத்தத்தை வைத்தே திருப்பிப் போட்டிருக்கிறார். அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அப்பத்தாவுக்கு நான் செய்ய முடியாததை இந்த அக்கா புத்தகம் இல்லாமலேயே செய்திருக்கிறார் என்று நினைத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பயிற்சி எங்கள் வீட்டுப் பின்னறையில். பேஷண்ட், பத்தாவது படிக்கும் என் தம்பி. அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து அவன் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்து, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பச் சொல்லிக் கொடுத்தேன். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் பேஷண்டின் தோள் இறங்கும், தூக்குபவரின் முதுகு போகும். வேட்டியைப் பிடித்து உருட்டினால் நாற்பது கிலோ அக்கா எழுபது கிலோ ஆளைத் திருப்பலாம். திருப்பியதும் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால். சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள், நாங்களும் அப்பத்தாவுக்குத் தேய்த்தோம். அடியில் இருக்கும் தசை அதனால் இன்னும் கெடும். இதை ஒவ்வொரு அக்காவும் திருப்பிச் சொல்லும் வரைக்கும் விடமாட்டேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவது இன்னொரு நாள் பாடம். நிமிர்த்தி உட்கார வைத்து, நல்லாயிருக்கும் பக்கத்துக் கன்னத்தில் சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். விழுங்கியாகிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். வெறும் தண்ணீரில்தான் அதிகமாகப் புரை ஏறும், அதனால் தண்ணீர் குடிக்கும்போது இருமினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது.

இப்போது ஒரு ஊசி விஷயம். இதற்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவதாகக் கிடைத்த வீடு. ஓய்வுபெற்ற வாத்தியார், பக்கவாதத்தில் வலது கை கால் வராது, சுகர் உண்டு. காலையில் இன்சுலின் 20 யூனிட். போடுவது மருமகள். எங்கள் ஆள் ஊசியைத் தொடுவதில்லை, அது என் தாளின் வலது பக்கத்தில் எழுதிய காரியம். கோட்டையூர் அக்கா அங்கே பகல் டியூட்டி. சில நாளாகச் சுகர் ஏறிக்கொண்டே போனது, 280, 310, 340. சாப்பாட்டில் ஏதோ தப்பு என்று அக்காவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அக்கா திருட்டுத்தனமாக இனிப்புக் கொடுக்கிறாரா என்றுகூட அம்மாவிடம் போனில் கேட்டார்கள். டாக்டர் 28 யூனிட்டாகக் கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார், மறுநாள் காலையிலிருந்து போட வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் போயிருந்தேன். அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். "பாப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா முந்தி ஊசி மூடி செவப்பா இருக்கும். இந்தத் தடவை வாங்கினது ஆரஞ்சா இருக்கு."

குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு மூடி. சிரிஞ்ச் மேல் 100 என்று இருந்தது. மருந்துப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் 40 கணக்கில்தான் வரும், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 கணக்கு மருந்துக்கு. 100 சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் வருவது 0.2 மில்லி. அந்தப் பாட்டிலில் 0.2 மில்லி என்றால் வெறும் 8 யூனிட். வாத்தியாருக்கு ஒரு வாரமாக 20க்குப் பதிலாக 8 தான் போயிருக்கிறது. மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

உடனே சிவப்பு மூடி சிரிஞ்ச் வாங்கிவிட்டால் போதும் என்று மருமகள் சொன்னார். அங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் 28 என்று எழுதியது, 20 போயும் சுகர் குறையவில்லை என்று நினைத்து. சரியான சிரிஞ்சில் 28 இழுத்தால் உண்மையிலேயே 28 உள்ளே போகும். நேற்று வரை 8 வாங்கிய உடம்பு. பக்கவாதம் வந்து பேச்சுக் குழறுகிறவருக்குச் சுகர் இறங்கினால் தலை சுற்றுகிறது என்று சொல்லக்கூட வராது. எத்தனை யூனிட் என்று முடிவு செய்ய நான் ஆள் இல்லை. பாட்டிலையும் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பி, அவரைப் போனில் பிடிக்கும் வரை அந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. இரவு ஏழரைக்குக் கூப்பிட்டார். 28 வேண்டாம், பழையபடி 20, சரியான சிரிஞ்சில், நாளைக்கு மூன்று வேளையும் சுகர் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு வாரத்தில் 170க்கு வந்தது.

சென்னையிலிருந்து மகன் பல்லவன் ரயிலில் வந்து இறங்கி, மறுநாள் எனக்கு நன்றி சொன்னார். சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை, அக்காவிடம் என்றேன். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய், வாத்தியாரின் துணியை அலசிக்கொண்டிருந்த அக்காவிடம் கைகூப்பினார். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு நல்லானா சரி" என்றார். இனிப்புக் கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு மருமகளும் தனியாக மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பாட்டில் இன்சுலின் போட்டால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பகல் 12 மணி நேர டியூட்டிக்கு வீட்டுக்காரர் 750 கொடுக்கிறார். 650 அக்காவுக்கு, 100 எங்களுக்கு. சில இடங்களில் வேலைக்கு வரும் பெண்களின் முதல் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள், பாதியில் போய்விடக் கூடாதாம். நான் பிடிப்பதில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரும் பான் கார்டும் வைத்து நானே செல்போனில் செய்தேன், அதற்குக் கட்டணமே கிடையாது. பிரவுசிங் சென்டரில் 2,000 கேட்டார்கள், கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் தொழிலுக்கு மட்டும்தான், வைத்தியம் பார்க்க அனுமதி ஆகாது. போன மாதம் செலவு போக நின்றது 6,800 ரூபாய். அதில் கையுறையும் சானிடைசரும் வாங்கி, மீதியை செமஸ்டர் பீஸுக்கு வைத்திருக்கிறேன்.

நேரம்தான் பெரிய பிரச்சினை. ஆறாவது செமஸ்டர், மிட்வைஃபரி போஸ்டிங், அதாவது பிரசவ வார்டில் பயிற்சி. காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், உள்ளே செல்போன் கூடாது. அதனால் ஆபீஸ் என்பது எங்கள் அடுப்படியும் அம்மாவின் லாங் சைஸ் நோட்டும்தான். யார் கூப்பிட்டார்கள், என்ன வயசு, நடக்கிறாரா, டியூப் இருக்கிறதா, அம்மா எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைப்பார். டியூப், ஊசி, புண் இருந்தால் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. அந்த வேலையைச் செய்யப் பதிவு பெற்ற நர்ஸோ, சொல்லித்தரப்பட்ட வீட்டு ஆளோ உண்டு என்று உறுதியானால்தான் எங்கள் ஆள் போவார். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், இரவு டியூட்டி அக்காக்களை அவரே கொண்டுபோய் விடுவார். இவர்கள் இல்லாமல் நான் ஒரு நாள்கூட இதை நடத்தியிருக்க முடியாது. இரண்டு இன்டர்னலில் மார்க் குறைந்தது உண்மை. அதிலிருந்து, பரீட்சை மாதத்தில் புது வீடு எடுப்பதில்லை என்று மேடமிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் எங்கள் அக்கா ஒருவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைத் திண்ணையில் சாப்பாடு. உங்கள் அம்மாவின் மலத்தைத் துடைக்கும் கை உங்கள் டம்ளரைத் தொடக் கூடாதா? மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே போய், மீதி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, இரவுக்கு அவர்கள் சொந்தத்தில் ஆள் வரும் வரை நானே உட்கார்ந்திருந்துவிட்டு, அக்காவைக் கூட்டி வந்துவிட்டேன். அந்தப் பாட்டியை விட்டு வந்தது இன்னும் மனசில் உறுத்துகிறது. ஆனால் அக்காவை அங்கே விட்டிருக்க முடியாது. அதற்குப் பிறகு ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்தேன். வீட்டில் சமைக்கும் அதே சாப்பாடு, அதே பாத்திரம், 24 மணி நேர டியூட்டி என்றால் ஆறு மணி நேரத் தூக்கம், வீட்டாரின் பாத்திரம் கழுவும், துணி துவைக்கும் வேலை கிடையாது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் அனுப்புகிறேன்.

இன்று சாயங்காலம் காலேஜிலிருந்து வந்தபோது அம்மாவின் நோட்டில் புதிதாக ஒரு வரி. 'கண்டனூர். ஆச்சி, வயசு 78. நேத்து பாத்ரூமில் விழுந்தாங்க. எந்திரிக்க முடியலையாம். நல்லெண்ணெய் தடவி படுக்க வெச்சிருக்காங்க. ஆள் வேணுமாம்.' அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பையைக்கூடக் கழற்றாமல் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆள் அப்புறம் பார்க்கலாம், ஆச்சியை நிற்க வைக்காதீர்கள், இப்போதே 108ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுங்கள் என்று சொன்னேன். இரவு ஒன்பதரைக்கு அவர்கள் மகள் கூப்பிட்டார். இடுப்பு எலும்புதான். நாளை மறுநாள் ஆபரேஷன். ஆச்சி வீட்டுக்கு வரும் அன்றைக்கே கோட்டையூர் அக்கா வேண்டும் என்று கேட்டார். வேட்டி ஒன்று பழையது எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.